நகம் நீங்கலாக

ஓர் எலிக்கு என் பெயரை வைக்கப்போகிறார்கள் என்று வீட்டில் சொன்னபோது என் கணவர் கேட்ட முதல் கேள்வி, "உயிரோட இருக்கிற எலிக்கா, செத்த எலிக்கா?" என்பதுதான்.

இரண்டுக்கும் என்றேன். ஓர் இனத்துக்கே வைக்கிறார்கள். ஏழாயிரம் அடிக்கு மேலே, மலைப் புல்வெளியில் வளை தோண்டி வாழும் எலி. இதுவரை பிறந்தது, செத்தது, இனிமேல் பிறக்கப்போவது எல்லாமே என் பெயரில்தான்.

"அப்ப அங்க யார் பொறி வச்சாலும் நீதான் மாட்டுவே" என்றார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வகுப்பில் விலைபோகாத நகைச்சுவையை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார்.

அன்று வந்திருந்த நாத்தனார் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. "அண்ணி, மயிலு, குயிலுன்னு ஏதாச்சும் கேட்டு வாங்கியிருக்கக் கூடாதா? எங்க அண்ணனைக் கட்டிக்கிட்டப்பவும் இப்படித்தான். குடுத்ததை வாங்கிக்கிட்டு வந்துட்டீங்க."

எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். மறுநாள் பேருந்தில் அலுவலகம் போகும்போது, என் பெயருக்குப் பின்னால் ஒரு லத்தீன் வாலை ஒட்டி மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் இருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

இதில் இவ்வளவு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு என் வேலையைச் சொல்ல வேண்டும். இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருபத்திரண்டு வருடமாகச் செத்த பிராணிகளை அளக்கிறேன். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை உடல். அங்கிருந்து வால். அப்புறம் பின்பாதம், காது. அளவை அட்டையில் எழுதி, அட்டையை எலியின் காலில் கட்டி, எலியை இழுப்பறையில் வைத்து மூட வேண்டும். இயக்குநர் எழுதும் கட்டுரைகள் எல்லாமே இந்த எண்கள் மேல்தான் நிற்கின்றன. ஒவ்வொரு கட்டுரையின் கடைசியிலும், "அளவெடுப்பதில் உதவிய ஊழியர்களுக்கு நன்றி" என்று ஒரு வரி இருக்கும். அந்த ஊழியர்கள் நான். இருபத்திரண்டு வருடமாக நான் ஒருத்தியே ஒரு பன்மையாக இருந்துவருகிறேன்.

என் அறை இரண்டாம் மாடியில். ஒரே ஜன்னல், அதையும் வெயில் பட்டால் தோல் நிறம் போகும் என்று கறுப்புத்தாள் ஒட்டி மூடியாகிவிட்டது. இரும்பு அலமாரிகள், அந்துருண்டை வாசம். இழுப்பறைக்குள் எலிகள் முன்கால் நீட்டிக் குப்புறப் படுத்திருக்கும், நீச்சல் போட்டியில் குதிக்கத் தயாரானவர்களைப் போல. கண் இருந்த இடத்தில் பஞ்சு. தோலை உரித்துக் கழுவி, பஞ்சு திணித்துத் தைப்பவரை எல்லோரும் பஞ்சு அண்ணன் என்பார்கள். அவருடைய அறை என் அறைக்கு அடுத்தது. நடுவில் கதவு கிடையாது.

மலையிலிருந்து பதினான்கு எலிகள் வந்தன. முதுகு கரும்பழுப்பு, வயிறு சாம்பல். மயிர் நீளமாக, நெருக்கமாக, கை வைத்தால் விரல் புதைந்தது. காது பாதி மயிருக்குள் ஒளிந்திருந்தது. வால் உடலைவிடக் கொஞ்சம் குட்டை. மேல்பக்கம் கறுப்பு, அடிப்பக்கம் வெளுப்பு. சமவெளி எலிகளோ எங்களிடம் முப்பத்தொன்று இருந்தன. ஐம்பது வருடத்துக்கு முன்னால் ஒருவர் பிடித்துப் பதப்படுத்தி வைத்தவை. எங்கே போனாலும் ஒரு மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவாராம். அதனால் அவர் பெயர் பெட்டிக்காரர். இரண்டு கூட்டத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த இயக்குநருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "இது வேற இனம்" என்றார்.

பஞ்சு அண்ணன் என் காதோரம், "குளிருதுன்னு நான் ஸ்வெட்டர் போட்டா வேற ஆளாயிடுவேனா?" என்றார்.

அவர் கேட்டதை இயக்குநரும் யோசித்திருந்தார். நிறத்தை நம்ப முடியாது, பழைய தோல் வெளுக்கும். மயிர் குளிருக்கு வளரும். வால் காய்ந்தால் சுருங்கும். மண்டையோடு இருந்தால் பேச்சே இல்லை, ஆனால் மலைக்குப் போனவர்கள் கொண்டுபோன பொறி நேராக மண்டையில் அடிக்கிற ரகம். பதினான்கில் முழு மண்டையோடு மூன்றுதான் தேறியது. அதில் இரண்டு குட்டி. மிஞ்சியது பின்பாதம். அதில் சதை கிடையாது, எலும்பும் தோலும்தான். ஐம்பது வருடம் ஆனாலும் சுருங்காது. மலை எலியின் பாதம் சராசரி முப்பத்தைந்து மில்லிமீட்டர். சமவெளி எலிக்கு முப்பத்து மூன்று.

"ரெண்டு மில்லிமீட்டர்" என்றார் இயக்குநர், இரண்டு விரலைச் சேர்த்து வெளிச்சத்தில் காட்டி. "மனுஷன் பொய் சொல்லுவான். கால் பொய் சொல்லாது."

எங்கள் அரையாண்டு இதழில் அளவு அட்டவணையோடு முன்னறிவிப்பு வந்துவிட்டது: புதிய இனம், பெயர் விரிவான கட்டுரையில் அறிவிக்கப்படும். இதழ் வந்த அன்றுதான் என்னைக் கூப்பிட்டார். "இருபத்திரண்டு வருஷம். உங்களுக்கு ஒரு எலியாவது குடுக்க வேணாமா?" என்றார். என் கண் கலங்கியது. அதை அவர் பார்த்துவிட்டார் என்பதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம்.

விரிவான கட்டுரைக்குச் சமவெளி எலிகள் பிடிபட்ட தேதிகள் தேவைப்பட்டன. கிடங்கிலிருந்து பெட்டிக்காரரின் பதிவேட்டை எடுத்து வந்தேன். தேதி தேடுகிறவள் அட்டையின் உள்பக்கத்தைப் பார்த்திருக்க வேண்டியதில்லை. பார்த்தேன். பொடிப்பொடியாக, நிதானமான கையெழுத்தில் எழுதியிருந்தார்: பின்பாத அளவுகள் எல்லாம் நகம் நீங்கலாக.

நாங்கள் நகத்தோடு அளப்பவர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே இயக்குநர் சொல்லிக்கொடுத்தது அது. "குதிகால்லேருந்து நக நுனி வரைக்கும். நகமும் எலியோடதுதானே." மலை எலிகளை அப்படித்தான் அளந்தேன். சமவெளி எலிகளை நான் அளக்கவே இல்லை. "பழைய அளவு இருக்கே, அதை அப்படியே எடுத்துக்குங்க" என்று சொல்லியிருந்தார். பழைய அளவு அட்டையில் இருந்தது, என் கையெழுத்தில். பெட்டிக்காரர் கட்டிய சீட்டுகள் உதிர ஆரம்பித்தபோது, ஒன்பது வருடம் முன்னால், எல்லாவற்றையும் புது அட்டையில் படி எடுத்தவள் நான்தான். பழைய சீட்டு ஒவ்வொன்றின் மூலையிலும் 'நகம் இன்றி' என்று இருந்தது. அது இப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. புது அட்டையில் எண்ணுக்குக் கட்டம் இருந்தது, குறிப்புக்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததை எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை.

வெர்னியர் அளவுகோலை எடுத்தேன். முப்பத்தொரு சமவெளி எலிகளையும் நகத்தோடு அளந்தேன். சராசரி முப்பத்தைந்து. மலை எலிக்கும் அதே முப்பத்தைந்து. இயக்குநர் வெளிச்சத்தில் காட்டிய இரண்டு மில்லிமீட்டர், ஓர் எலியின் நகம். வழக்கம்போல நோட்டில் தேதி போட்டு, எண்களை எழுதி, கோடு இழுத்தேன். காலையில் இருந்த ஓர் இனம் மதியச் சாப்பாட்டுக்குள் அற்றுப்போயிருந்தது. கடைசியாக அதைப் பார்த்தவள் நான்.

எழுந்து நேராக இயக்குநர் அறைக்குப் போயிருக்க வேண்டும். நான் சாப்பிடப் போனேன்.

முதல் நாள், இன்னொரு தடவை அளந்து பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். அளக்கவில்லை. இரண்டாம் நாள் இயக்குநருக்குச் சளி. சளி பிடித்தவரிடம் எப்படிச் சொல்வது? மூன்றாம் நாள், பாதம் ஒன்றுதான் அடையாளமா என்று எனக்கே ஒரு கேள்வி எழுந்தது. மயிர் இல்லையா? வால் இல்லையா? இதுவரை எண்களைத் தவிர எதையும் மதிக்காத எனக்கு, எலியின் அழகு திடீரென்று தெரிய ஆரம்பித்தது. மலை எலிக்குத் தனியாக ஒரு பார்வை இருக்கிறது என்றுகூடப் பட்டது. கண் இருக்கிற இடத்தில் பஞ்சு இருக்கும் ஒன்றின் பார்வை.

நான் பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். அது உண்மைதான். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லையே. கேட்காததற்குப் பதில் சொல்லாமல் இருப்பது எப்படிப் பொய்யாகும்? பிள்ளைப் பருவத்தில் அம்மாவிடம் செல்லுபடியாகாத வாதம் இது. ஐம்பதை நெருங்கும்போது, என்னிடமே செல்லுபடியானது.

ஒருநாள் பஞ்சு அண்ணன் அறை வாசலில் நின்று வெகுநேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னம்மா, ரெண்டு வாரமா அந்த எலியைத் தடவிக்கிட்டே இருக்கே?"

"மயிர் எவ்வளவு மெத்துன்னு இருக்கு பாருங்கண்ணே. சமவெளி எலிக்கு இப்படி இல்லை."

"எப்படி இருக்கும்? பெட்டிக்காரர் காலத்துல சலவை சோப்பு. இதுங்களை நான் தலைக்குத் தேய்க்கிற ஷாம்பு போட்டுல்ல அலசினேன். என் பொண்ணு வேணாம்னு தூக்கிப் போட்டது, அரை பாட்டில் கிடந்துச்சு." முகர்ந்து பார்க்கச் சொல்லி ஒன்றை என் மூக்குக்கு நீட்டினார். அந்துருண்டைக்கு அடியில் லேசாக ரோஜா வாசம் வந்தது.

அதன் பிறகு மயிரை நான் தொடவில்லை. வாயையும் திறக்கவில்லை.

இருபத்து மூன்றாம் நாள் இயக்குநர் கூப்பிட்டு அனுப்பினார். உட்காரச் சொன்னார், அதிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அருங்காட்சியகத்துக்குப் புதுக் கட்டடம் கட்டித் தரப்போகிற தொழிலதிபரைப் பற்றிப் பேசினார். அவருடைய பெருந்தன்மையைப் பேசினார். அவருடைய மனைவிக்கு இயற்கை மேல் இருக்கும் ஈடுபாட்டுக்கு வந்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தம்மா பேரை வைக்கலாம்னு இருக்கோம். உங்களுக்கும் சங்கடம் பாருங்க, எலின்னா. வீட்டுல கேலி பண்ணுவாங்க."

"பண்ணிட்டாங்க சார்."

"பாத்தீங்களா?" என்றார், அக்கறையாக. "அடுத்த எலி உங்களுக்குத்தான்."

சரி சார் என்று சொல்லிவிட்டு என் அறைக்குத் திரும்பி வந்தேன். நாற்காலியில் உட்கார்ந்த அரை மணி நேரத்தில் எனக்கு அறிவியல் மேல் அபாரமான பற்று உண்டாகிவிட்டது. ஒரு தவறான இனம் ஏடுகளில் ஏறலாமா? வருங்கால ஆய்வாளர்களை ஏமாற்றலாமா? உண்மை என்று ஒன்று இல்லையா? இருபத்து மூன்று நாள் கட்டையாகக் கிடந்த மனசாட்சி எழுந்து உட்கார்ந்து, முகம் கழுவி, தலை வாரிக்கொண்டு கிளம்பியது.

வீட்டுக்குப் போனதும் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டிக்காரர் பதிவேடு, நகம், சராசரி, பெயர் மாறியது. விடைத்தாள் திருத்திக்கொண்டே கேட்டார். முடித்ததும், "சொல்லப் போறியா?" என்றார்.

"சொல்லாம? அது உண்மைதானே."

"போன மாசமும் அது உண்மைதானே?"

சிவப்புப் பேனாவைக்கூட அவர் கீழே வைக்கவில்லை. அதற்கப்புறம் இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. சரியாகச் சொல்பவர்களிடம் பேசாமல் இருப்பது எனக்குப் பழைய பழக்கம்.

அந்த இரண்டு நாளிலும் அலுவலகத்தில் சொல்லவும் இல்லை. அவர் சொன்ன வார்த்தை குறுக்கே படுத்திருந்தது. இப்போது சொன்னால் பொறாமையில் சொன்னதாக ஆகும். அப்படி ஆகும் என்பதல்ல, அதுதான். மூன்றாம் நாள், அந்த அம்மாவே தன் எலியைப் பார்க்க வந்தாள்.

என் அறைக்குத்தான் கூட்டிவந்தார்கள். என் வயதுதான் இருக்கும். கைக்குட்டையை மூக்கில் வைத்தபடி அலமாரியில் உடம்பு படாமல் நின்றாள். இயக்குநர் மேசையில் வெள்ளைத்தாள் விரித்து இரண்டு எலிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். பஞ்சு அண்ணன் வேலையை விட்டுவிட்டு வாசலில் வந்து நின்றுகொண்டார்.

"இதுல எது என்னோடது?" என்று கேட்டாள் அந்த அம்மா.

"இடப்பக்கம் இருக்கிறது. பாருங்க, எவ்வளவு கம்பீரமா இருக்கு. அந்தப் பக்கம் இருக்கிறது சாதா எலி."

அவள் கொஞ்சம் குனிந்தாள். இதைப் பார்த்தாள், அதைப் பார்த்தாள், மறுபடியும் இதைப் பார்த்தாள். "தப்பா நினைக்காதீங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது."

இயக்குநர் சிரித்தார். "பழகின கண்ணுக்குத்தான் தெரியும்மா. கால்ல இருக்கு சூட்சுமம்." வெர்னியரை எடுத்து என் பக்கம் நீட்டினார். "நீங்களே அளந்து காட்டுங்க."

மலை எலியின் பாதத்தை அளந்தேன். முப்பத்தைந்து. அந்த அம்மா எட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு சமவெளி எலியின் குதிகாலில் வெர்னியரின் ஒரு தாடையை வைத்தேன். இன்னொரு தாடையை எங்கே நிறுத்த வேண்டும் என்பது என் கையில் இருந்தது. நகம் முளைக்கிற இடத்தில் நிறுத்தினால் முப்பத்து மூன்று. அங்கே இருப்பவர்கள் யாருக்கும் தெரியாது. என் பெயராக இருந்திருந்தால் அங்கேதான் நிறுத்தியிருப்பேன். லென்ஸ்கூடக் கொடுத்திருப்பேன். இது எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது, அந்த நொடியில். விரல் தானாக அங்கே ஒரு தடவை தயங்கவும் செய்தது. பிறகு நக நுனி வரை தள்ளினேன்.

"இதுவும் முப்பத்தஞ்சா?" என்றாள் அவள்.

"சரியா வைங்க" என்றார் இயக்குநர்.

"சரியாத்தான் சார் வச்சிருக்கேன்."

"ஆனா இந்த அட்டையில முப்பத்து மூணுன்னு போட்டிருக்கே?" அவள் கைக்குட்டையை மறந்து, எலியின் காலில் இருந்த அட்டையைத் தொட்டுத் திருப்பினாள்.

"அது நகத்தை விட்டுட்டு அளந்தது. மலை எலியை நகத்தோட அளந்திருக்கோம். ஒரே மாதிரி அளந்தா ரெண்டும் ஒண்ணுதாம்மா."

பஞ்சு அண்ணன் கூரையைப் பார்த்தார்.

"அப்ப இது புது எலி இல்லையா?"

"மலையில இருக்கிற எலி. புது எலி இல்லை."

அவள் முகத்தில் இருந்த இறுக்கம் மொத்தமும் இறங்கியது. "நல்லதாப் போச்சு. சார் ஆசையாச் சொன்னாரேன்னு சரின்னு சொல்லிட்டேன். எலிக்கு என் பேருன்னு மட்டும் என் ஓரகத்திக்குத் தெரிஞ்சா, ஜென்மத்துக்கும் விடமாட்டா." இயக்குநரைப் பார்த்து, "கட்டடத்துக்கு ஒண்ணும் பிரச்சனை இல்லை சார். அதுல பேரு போட்டா போதும்" என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துப் புன்னகைத்தாள். அந்த அறைக்குள் வந்ததிலிருந்து உண்மையை மட்டுமே பேசிய ஒரே ஆள் அவள்தான். அவளுக்கு அது தெரியாது.

வண்டிவரை போய் வழியனுப்பிவிட்டு இயக்குநர் திரும்பி வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். மெதுவாகக் கேட்டார்.

"உங்களுக்கு இது எப்பத் தெரியும்?"

நான் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மேசையில் இருந்த என் நோட்டைப் புரட்டினார். முப்பத்தொரு எண்கள், சராசரி, கோடு, மேலே தேதி. விரல் விட்டு நாட்களை எண்ணிப் பார்த்தார்.

"அப்ப உங்க பேரா இருந்தப்பவே தெரியும்."

"ஆமா சார்."

அவர் முகத்தில் வந்தது கோபம் இல்லை. ஒரு நிம்மதி. பெரிய சுமையை இறக்கி வைக்கத் தோதான இடம் கிடைத்தவரைப் போல, நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பரவாயில்லை, விடுங்க. மனுஷங்கதானே" என்றார். என் தோளைத் தட்டாத குறை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆறு மாதம் கழித்து அடுத்த இதழ் வந்தது. பின்பக்கத்தில் கட்டம் கட்டி ஒரு திருத்தம். முன்னறிவிப்பில் சொல்லப்பட்ட மலை எலி தனி இனம் அல்ல. பின்பாத அளவுகளில் நேர்ந்த பிழை, அளவெடுத்த ஊழியரால் நேர்ந்தது. அதற்கப்புறம் என் பெயர். முழுப் பெயர், முதலெழுத்தோடு.

எண்கள் சரியாக இருந்த வரைக்கும் அவை 'எங்கள்' எண்கள். பிழையானதும் என்னுடையவை ஆகிவிட்டன. நகத்தோடு அளக்கச் சொன்னவர் யார், பழைய அளவை அப்படியே எடுக்கச் சொன்னவர் யார் என்று நான் கேட்டிருக்கலாம். பஞ்சு அண்ணன் கேட்கச் சொல்லி நச்சரித்தார். "நீ போய்க் கேக்கலைன்னா நான் போய்க் கேக்கிறேன். அந்த மனுஷன் மண்டையில பஞ்சு வச்சுத் தைக்கிறேன்." நான் வேண்டாம் என்றேன். கேட்டால் அவர் நோட்டின் தேதியைக் கேட்பார். அவரிடம் என் இருபத்து மூன்று நாள் இருந்தது. என்னிடம் அவருடைய நகம் இருந்தது. எது பெரியது என்று அளந்து பார்க்க எனக்குத் துணிவில்லை.

ஆனால் நான் போகாததற்கு இது மட்டும் காரணமில்லை. அதை எழுதத்தான் கூச்சமாக இருக்கிறது.

இதழ் வந்த அன்று வெளிக்கதவைச் சாத்திக்கொண்டு அந்தத் திருத்தத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை காது சூடேறியது. இரண்டாம் தடவை, பெயரில் எழுத்துப்பிழை இல்லை என்பதைக் கவனித்தேன். மூன்றாம் தடவை பெயரை மட்டும் படித்தேன். கறுப்பு மையில், கட்டத்துக்குள், யாரோடும் சேராமல் தனியாக இருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை நான் ஒருமை.

சாப்பாட்டு இடைவேளையில் நூலகத்துக்குப் போனேன். நூலகர் இதழ்களை அஞ்சலில் அனுப்பக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இந்த இதழ் கிடைக்குமா?"

"உங்க பிரதியை மேலே அனுப்பிட்டேனே, வரலையா?"

"வந்துச்சு. இன்னும் வேணும்."

"எத்தனை?"

ஒன்று என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். "மூணு" என்றேன்.